ஒரு கரண்டி பொடியா, ஒரு கட்டுக் கீரையா?

மகளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடு, வேலையும் அந்த ஊரிலேயே. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை என்பது மருத்துவக் கணக்கு. மருத்துவர் பதறவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "கீரை நிறையச் சாப்பிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிதான் கடலூரில் இருக்கும் எங்கள் வீட்டை ஒரு வாரமாகக் கலக்கிக்கொண்டிருக்கிறது.

எந்தக் கீரை, எங்கிருந்து வருவது, எப்படிச் சமைப்பது? செம்மண்டலத்தில் எங்கள் கொல்லையில் நிற்கும் முருங்கையை ஒடித்து வாராவாரம் கொடுத்தனுப்பலாம் என்கிறாள் மனைவி. மகள் அதற்குள் இணையத்தில் முருங்கைக்கீரைப் பொடி ஒரு டப்பா வாங்கிவிட்டாள். தினம் மாலையில் ஒரு கட்டு வாங்கி வந்துவிடுகிறேன் என்கிறார் மாப்பிள்ளை. என் மைத்துனி மாடித்தோட்டத்தைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை. நான் முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவன். யார் சொல்வதையும் வரவு செலவு பார்க்காமல் ஒப்புக்கொள்ளும் பழக்கம் இல்லை. புரட்டாசி வேறு; வீட்டில் மீனும் ஈரலும் இல்லாத மாதம். அசைவத்தில் உள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும், கீரையில் உள்ளது அத்தனை எளிதில் சேராது. ஆகவே இந்த மாதம் கணக்கைக் கொஞ்சம் இறுக்கமாகவே போட வேண்டியிருந்தது.

எங்கள் மகள் ஒருத்தியின் கதை இல்லை இது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தெருவுக்குத் தெரு கீரைக்காரம்மா வரும் ஊரிலும் நிலைமை இதுதான்.

டப்பாவின் கணக்கு

பொடி டப்பாவிலிருந்து தொடங்குகிறேன். இருப்பதிலேயே சத்தமாகப் பேசுவது அதுதான். பாலக் கீரையைவிட 25 மடங்கு இரும்பு, ஆரஞ்சைவிட 7 மடங்கு வைட்டமின் சி, பாலைவிட 4 மடங்கு கால்சியம் என்று அதன் மேல் அச்சடித்திருந்தார்கள். இந்த மூன்று வரியும் ஊரெல்லாம் சுற்றுகிறவைதான், எந்தப் பொட்டலத்தைத் திருப்பினாலும் இருக்கும்.

சற்று உற்றுப் பார்த்தால் இரும்புக் கணக்கில் 100 கிராம் காய்ந்த பொடியையும் 100 கிராம் பச்சைக் கீரையையும் ஒரே தராசில் வைத்திருப்பது தெரியும். பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீரை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் எடைக்கு எடை நான்கு மடங்காகத்தான் தெரியும். வைட்டமின் சி என்று வந்ததும் தராசு ஓசையில்லாமல் மாறிவிடுகிறது. அந்த 7 மடங்கு, பச்சை இலைக்குப் பழைய அட்டவணைகள் கொடுத்த 220 மில்லிகிராம் என்ற எண்ணிலிருந்து வந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது ஏறக்குறைய பாதி, சுமார் 108 மில்லிகிராம்தான். அதுவும் பச்சை இலைக்கு. காயவைத்துப் பொடித்த பிறகு வைட்டமின் சி-யில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். ஆக, ஒரு வரியில் பொடி, அடுத்த வரியில் இலை, இரண்டுக்கும் ஒரே டப்பா. நான் இப்படிப் பேரேடு எழுதியிருந்தால் தணிக்கையாளர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

சரி, மகள் எடுத்துக்கொள்வது 100 கிராம் பொடியா? ஒரு கரண்டி, தாராளமாக வைத்தால் 5 கிராம். ஒரு கிலோ ஆய்ந்த முருங்கை இலை காய்ந்தால் 250 முதல் 270 கிராம் வரை பொடி கிடைக்கிறது; இது நாங்களே வீட்டில் நிறுத்துப் பார்த்தது. அந்தக் கணக்குப்படி ஒரு கரண்டிப் பொடி என்பது 20 கிராமுக்கும் சற்றுக் குறைவான பச்சை இலை. கைக்குள் மூடிப் பிடித்தால் தெரியாது. 2017 அட்டவணையில் முருங்கை இலைக்கு 100 கிராமுக்குச் சுமார் 4.5 மில்லிகிராம் இரும்பு. அப்படியானால் ஒரு கரண்டிக்கு ஒரு மில்லிகிராம்கூட வராது. 100 கிராம் பொடிக்கு டப்பாவே சொல்லும் 28 மில்லிகிராமை அப்படியே நம்பினாலும் ஒரு கரண்டிக்கு 1.4 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்னது 27 மில்லிகிராம். அரசு கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை ஒன்றில் இருக்கும் இரும்பு 60 மில்லிகிராம்.

மகளிடம் இதைப் பேசியபோது நான் முதலில் சொன்னது ஒன்றுதான்: பொடி சாப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பொடி இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடாதே. அவள் தோழி ஒருத்தி அப்படித்தான் விட்டிருக்கிறாள்.

விலையையும் பார்த்துவிடுவோம். 100 கிராம் பொடி 120 ரூபாய்க்கு வாங்கினாள். ஒரு கரண்டிக்கு 6 ரூபாய். 20 ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கினால் ஆய்ந்த பிறகு 200 கிராம் தேறுகிறது. ஆக, 20 கிராம் இலைக்கு 2 ரூபாய். இதை மனைவியிடம் சொன்னபோது, "அதற்கு ஆயும் கூலி சேர்த்தீர்களா?" என்றாள். சேர்க்கவில்லை. அது நியாயமான கேள்வி. முருங்கையை ஆய்ந்தவர்களுக்குத்தான் பொடியின் அருமை தெரியும்.

கட்டுக்கீரை எங்கே, எப்படி வளர்ந்தது

அடுத்தது மாப்பிள்ளையின் யோசனை. புதுச்சேரி நேரு வீதிப் பெரிய மார்க்கெட்டிலோ, வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலோ மாலையில் ஒரு கட்டு. இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கட்டு எந்த நேரத்தில் அறுக்கப்பட்டது, அறுப்பதற்கு முன் அதற்கு என்ன போட்டார்கள் என்பது.

எங்கள் பக்கம் தென்பெண்ணை, கெடிலம் கரைகளில் வண்டல் மண். முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்து மூன்று நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்கிவிடுவார்கள். அரைக்கீரை அறுக்க அறுக்கத் தழையும். ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் ஒரு கை யூரியா தூவித் தண்ணீர் கட்டினால் ஒரு வாரத்தில் இலை பளபளவென்று கரும்பச்சையாக எழுந்து நிற்கும். நமக்கும் அந்த நிறம்தான் பிடிக்கும். ஆனால் தழைச்சத்து அளவுக்கு மீறினால் இலையில் நைட்ரேட் என்ற உப்பு சேரும், தண்ணீர் கூடும், வைட்டமின் சி குறையும். நிழலில் வளர்ந்தாலும் ஏறக்குறைய இதே கதை. இலை நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற வெளிச்சம் வேண்டும். அதனால்தான் நாள் முழுக்க வெயில் வாங்கிய இலையில், மாலையில் அறுத்தால் நைட்ரேட் குறைவாக இருக்கும், விடியலில் அறுத்தால் கூடுதலாக இருக்கும்.

பார்ப்பதற்கு மாலை அறுப்பு நல்லது போலத் தோன்றுகிறது. ஆனால் சந்தைக்கு வரும் கட்டு மாலையில் அறுத்து, ஈரச்சாக்கில் சுற்றி, இரவெல்லாம் கிடந்து, விடியற்காலையில் வண்டி ஏறி, பகல் முழுக்கத் தண்ணீர் தெளிக்கப்பட்டு, அடுத்த நாள் மாலையில் மாப்பிள்ளையின் பைக்குள் வருகிறது. அதற்குள் முழுசாக ஒரு நாள். நம் ஊர் வெப்பத்தில் வாடிய கீரையில் ஒன்றிரண்டு நாளுக்குள் வைட்டமின் சி பாதிக்கு மேல் போய்விடலாம். இரும்பும் கால்சியமும் எங்கும் போகாது, அவை தாது. போவது, அந்த இரும்பை உடம்பில் ஏற்றிவிடும் துணை. ஆகவே மாப்பிள்ளைக்கு நான் சொன்ன திருத்தம் சின்னது: மாலையில் வாங்காதீர்கள், காலையில் வேலைக்குப் போகும் முன் வாங்குங்கள், அன்றைக்கே சமையுங்கள். இங்கே கடலூர் உழவர் சந்தையில் ஆறு மணிக்கு நிற்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இயற்கை உரம் போட்டது, ரசாயன உரம் போட்டது என்ற சண்டையில் நான் நடுவில் நிற்கிறேன். இயற்கை முறையில் வளர்த்த கீரையில் நைட்ரேட் குறைவாகவும் வைட்டமின் சி சற்றுக் கூடுதலாகவும் இருப்பதாகப் பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இரும்பு, கால்சியத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவை மண்ணையும் கீரையின் இனத்தையும் பொறுத்தவை. மருந்து அடித்த ஈரம் காய்வதற்குள் அறுத்த கீரையா என்பது வேறு விஷயம். அதில் எனக்குச் சமரசம் இல்லை. சாக்கடை நீரோ ஆலைக் கழிவு கலந்த நீரோ பாய்ந்த பாத்தி என்றால் அந்தக் கீரையே வேண்டாம். காய்களைவிட இலைகள்தான் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை அதிகம் வாங்கி வைத்துக்கொள்ளும்; அதை எந்தச் சமையலாலும் எடுக்க முடியாது. விற்பவரிடம் "எந்த ஊர்க் கீரை, என்ன தண்ணீர்?" என்று கேட்டால் சிலர் முறைப்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கீரை என்றாலே ஒன்றுதான் என்ற நினைப்பில் "எதையாவது வாங்கு" என்கிறோம். 2017 அட்டவணையில் பாலக் கீரைக்கு 100 கிராமில் இரும்பு சுமார் 3 மில்லிகிராம், கால்சியம் 80 சொச்சம். நம் தண்டுக்கீரைக்கு இரும்பு நாலரைக்கு மேல், கால்சியம் 300-க்கு மேல். முருங்கையும் அதே வரிசை. அகத்தியில் கால்சியம் 900-ஐத் தொடுகிறது. குளிர்பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் விற்கும் பாலக், விலையில் இவற்றைவிட இரண்டு மடங்கு. கிள்ளுக்கீரை என்று ஏளனமாகச் சொல்லும் வழக்கத்தை யார் தொடங்கிவைத்தார்களோ தெரியவில்லை.

மைத்துனியின் மாடித்தோட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பறித்த பத்தாவது நிமிடம் அடுப்பில் ஏறும் கீரைக்கு ஈடு இல்லை, அது உண்மை. ஆனால் நன்றாக வளர்ந்தால் ஒரு சதுர மீட்டரில் ஓர் அறுவடைக்கு ஒரு கிலோ கீரை. கணவன் மனைவி இருவருக்கும் தினம் 100 கிராம் என்றால் மாதத்துக்கு 6 கிலோ. அதற்கு ஐந்தாறு சதுர மீட்டர் வெயில் படும் இடம் வேண்டும். மகள் வீட்டுப் பால்கனியில் துணி காயப்போடவே இடம் போதாது. இரண்டு பையில் மணத்தக்காளியும் ஒரு தொட்டியில் வல்லாரையும் வைத்துக்கொள்ளலாம், மனதுக்கு நல்லது. மண்ணில்லாமல் ஊட்டநீரில் வளர்க்கும் கீரையும் புதுச்சேரியில் கிடைக்கிறது. சுத்தமாக இருக்கும், அதில் என்ன சத்து என்பது தண்ணீரில் என்ன கரைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. விலை எனக்கு ஒத்துவராது.

கொல்லை முருங்கை, மூன்று முறை காயவைத்த கதை

எங்கள் முருங்கை, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் புது ரகங்களோடு ஒட்டுறவு எதுவும் இல்லாத பழைய மரம். உரமும் கிடையாது, மருந்தும் கிடையாது. ஆனி, ஆடியில் வெட்டிவிட்டால் புரட்டாசிக்குள் குடை விரித்துவிடும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 22 கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஞாயிறு காலை ஒடித்து, இலையை உருவாமல் ஈர்க்கோடு ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோனால் பத்து மணிக்குள் மகள் சமையலறையில் இருக்கும். புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையில் பஸ் நின்று கூட்டம் இறங்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கே என்னத்துக்கு இறங்குகிறார்கள் என்பது ஊரறிந்தது. குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். உருவி வைத்த இலையோ மறுநாளே பழுத்துக் கொட்டும்.

சிக்கல் ஐப்பசிக்குப் பிறகு வரும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் எங்கள் மரத்தண்டில் கம்பளிப்புழு அடை அடையாக அப்பிக்கொள்ளும். கிட்டே போக முடியாது. கீரைப் பாத்திகளிலும் தண்ணீர் நிற்கும், சந்தையில் கட்டு விலை ஏறும், மண் அப்பிய கீரை வரும். மகளுக்கு ஏழாம் எட்டாம் மாதம் அப்போதுதான். பொடி தேவைப்படுவது அந்த இரண்டு மாதத்துக்கு. அதையும் கடையில் வாங்குவதா, வீட்டில் செய்வதா என்பது அடுத்த கேள்வி.

நாங்கள் இதற்கு முன் மூன்று முறை முயன்றிருக்கிறோம். முதல் முறை கார்த்திகை மழையில், கூடத்தில் விரித்துப் போட்டோம். கடற்கரை ஊர், காற்றே ஈரத்துணி மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் இலை துவண்டு, ஒருவித முக்கல் வாடை வந்தது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்த வாடை வந்தால் எடுத்துக் கொட்டிவிட வேண்டும், கொட்டினோம். இரண்டாம் முறை புத்திசாலித்தனமாக மொட்டைமாடி வெயிலில் போட்டேன். ஒரே பகலில் சலசலவென்று காய்ந்தது. நிறம் வைக்கோல், மணமும் வைக்கோல். வெயிலின் வெளிச்சம் பீட்டா கரோட்டினை நேராகத் தாக்கி உடைக்கும். உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுவது அதுதான். முருங்கையில் அது மிக அதிகம், அதைத்தான் வெயிலுக்குத் தின்னக் கொடுத்திருந்தேன். இரும்பும் கால்சியமும் அந்த வைக்கோலிலும் இருந்திருக்கும் என்பது ஆறுதல்.

மூன்றாம் முறை மனைவி என்னைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. சித்திரையில், கிளையை அலசித் தண்ணீர் உதறி, உள்ளறையில் வெள்ளைத்துணியில் மெல்லிசாகப் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டு, காலை மாலை புரட்டிவிட்டாள். நான்காம் நாள் விரலில் நொறுங்கியது, பச்சை நிறம் மாறவில்லை. அவள் செய்த இன்னொரு காரியம் எனக்குத் தோன்றியிருக்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் அரைக்காமல், காய்ந்த இலையாகவே எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மிக்ஸியில் அடித்தாள். இலையாக இருந்தால் காற்றுப் படும் பரப்பு குறைவு. பொடியாக்கிக் கண்ணாடிப் பாட்டிலில் சன்னல் ஓரம் வைத்தால் கரோட்டின் வாரா வாரம் குறையும்.

காயவைக்கும் முன் கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் அமுக்கி எடுக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. இலையைக் கெடுக்கும் நொதிகள் அந்தச் சூட்டில் செத்துவிடும், நிறமும் கரோட்டினும் நீண்டநாள் நிற்கும். வைட்டமின் சி-யில் ஒரு பகுதி தண்ணீரோடு போகும், ஆனால் பொடியில் அது எப்படியும் நிற்கப் போவதில்லையே. உலர்த்தும் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது சரிவரும். வீட்டு நிழலில் ஈரம் இன்னும் கூடி முதல் முறையின் கதைதான் திரும்பும்.

கடைப் பொடி எப்படிக் காய்ந்தது என்பது நமக்குத் தெரியாது. மகள் வாங்கிய டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன்: பழுப்புச் சாயல், வைக்கோல் மணம். என் மொட்டைமாடிப் புத்திசாலித்தனம் வேறு யாருக்கும் வந்திருக்கிறது.

அடுப்படியில்தான் பாதிக் கணக்கு

வளர்ப்பும் உலர்த்தலும் சேர்ந்து செய்யும் வித்தியாசத்தைச் சமையலறை பத்தே நிமிடத்தில் கவிழ்த்துவிடும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு விசித்திரமான காரணமும் உண்டு. எனக்கு இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகக் கல் வந்து படாத பாடு பட்டேன். அதனால் எனக்கு ஆகும் முறை மகளுக்கு ஆகாது. ஒரே முளைக்கீரைக் கட்டை எங்கள் இருவருக்கும் வேறு வேறு விதமாகச் சமைக்க வேண்டும்.

முளைக்கீரை, தண்டுக்கீரை, பாலக், பசலை இவற்றிலெல்லாம் ஆக்சலேட் என்ற அமில உப்பு அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சிலருக்குக் கல்லாகவும் படியும். அட்டவணையில் தண்டுக்கீரைக்கு 300-க்கு மேல் கால்சியம் என்று பார்த்தோமே, அதில் நமக்கு உண்மையில் சேர்வது கொஞ்சம்தான். முருங்கையில் கரையக்கூடிய ஆக்சலேட் குறைவு, வெந்தயக்கீரையிலும் குறைவு; அங்கே கணக்கு நேர்மையானது. கீரையை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால், கரையும் ஆக்சலேட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் முக்கால் பங்குக்கு மேல் வரை, கீரையையும் நேரத்தையும் பொறுத்து, தண்ணீரோடு போய்விடும். எனக்கு அதுதான் வேண்டும். வடித்த கீரை, பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர். தயிரின் கால்சியம் மீதி ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிடும்.

மகளுக்கு இதே முறை நஷ்டம். வடித்த தண்ணீரில் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் வைட்டமின் சி-யும் கரைந்து போய்விடும். பாலக் கீரையை வைத்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், கொதிக்கவைத்து வடித்ததில் ஃபோலேட் பாதி போய்விட்டது. ஆவியில் வேகவைத்ததில் சொல்லும்படியான இழப்பு இல்லை. ரத்தம் ஊற இரும்பு எவ்வளவு முக்கியமோ ஃபோலேட்டும் அவ்வளவு முக்கியம். அவளுக்குத் தண்ணீர் தெளித்து, தன் ஈரத்திலேயே ஐந்தாறு நிமிடம் வெந்த கீரை, அல்லது வடிக்காத கூட்டு. வேகவைத்த தண்ணீரை ரசத்தில் சேர்க்கும் பழைய பழக்கம் அவளுக்குச் சரி. எனக்கு அந்த ரசமே வேண்டாம்.

தயிரிலும் இதே முரண். எனக்குத் தயிர் மருந்து, அவளுக்கு அந்த வேளைக்குப் பகை. கால்சியம் இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். அவள் பொடியைப் பாலில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். நல்லது என்று நினைத்து அந்த ஒரு மில்லிகிராம் இரும்பையும் பாலில் கரைத்திருக்கிறாள். சாப்பிட்டவுடன் டம்ளர் நிறைய டிகிரி காபி வேறு. காபி, தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் கீரையின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சேர்மானம் பாதிக்கு மேல்கூடக் குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பாதிப்பு குறைவு. இரும்பு மாத்திரைக்கும் இதே விதிதான்: பாலோடும் காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது.

துணையாக வருவது புளிப்பு. அடுப்பை அணைத்த பிறகு கீரையில் அரை மூடி எலுமிச்சை பிழிவது, தட்டு ஓரம் ஒரு நெல்லிக்காய், சாப்பாட்டுக்குப் பின் ஒரு கொய்யாத் துண்டு. இந்த வைட்டமின் சி இலையின் இரும்பைக் கரையும் நிலையில் வைத்துக் குடலுக்குள் ஏற்றிவிடும். சந்தையில் வாடியதால் கீரை இழந்ததைத் தட்டில் திரும்ப ஈட்டிவிடலாம் என்பதுதான் இந்த முழுக் கணக்கிலும் எனக்கு மிகப் பிடித்த வரவு. கொதிக்கும்போதே எலுமிச்சையைப் பிழிந்தால் கீரையும் பழுக்கும், வைட்டமினும் வீணாகும். புளிச்சக்கீரையை இரும்புச் சட்டியில் கடைந்தால் சட்டியின் இரும்பே கொஞ்சம் இறங்கும். புளிப்புக்கு அந்தக் குணம் உண்டு. கறுத்துப் போகிறதே என்று முகம் சுளிப்பவர்கள் மண்சட்டியில் வைத்துக்கொள்ளட்டும், ருசி அதில்தான் கூடுதல்.

கீரையை மூடாமல் வேகவைக்கச் சொல்வார்கள், அது வெறும் நம்பிக்கை அல்ல. இலையில் இருக்கும் அமிலங்கள் சூட்டில் ஆவியாகும். மூடி வைத்தால் அவை திரும்ப இறங்கிப் பச்சையத்தில் உள்ள மெக்னீசியத்தை வெளியேற்றும், நிறம் மங்கும். நிறத்துக்காகச் சோடா உப்பு போடுவது மட்டும் வேண்டாம். பச்சை அப்படியே நிற்கும், தயமின் என்ற வைட்டமின் பி1-உம் வைட்டமின் சி-யும் அழிந்திருக்கும். கல்யாண விருந்துகளில் பச்சைப்பசேல் என்று ஒளிரும் கீரை மசியலைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம்தான் வருகிறது.

கரோட்டினுக்கு எண்ணெய் வேண்டும். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் தாளித்தாலோ தேங்காய் தூவினாலோ போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே பொடிக்குச் சரியான இடம் பால் டம்ளர் இல்லை, இட்லிப்பொடி. முருங்கைப்பொடியைக் கலந்து நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்து இட்லிக்குத் தொட்டுக்கொண்டால் கரோட்டினுக்கு எண்ணெய் கிடைத்தது. மாவு புளித்ததால் உளுந்திலும் அரிசியிலும் இரும்பைத் தடுக்கும் பைட்டேட் குறைந்திருக்கும், அதுவும் ஒரு லாபம்.

அரிந்த பிறகு அலசாமல், அலசிய பிறகு அரிய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. மிஞ்சிய கீரையை வெளியில் வைத்து மறுநாள் சுடவைப்பது கூடாது. இலையில் உள்ள நைட்ரேட்டைக் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றிவிடும், குழந்தை இருக்கும் வீட்டில் அது பெரிய ஆபத்து.

முடிவாக என்ன செய்கிறோம்

ஞாயிறு தோறும் முருங்கைக் கிளை பஸ் ஏறுகிறது. முதல் மூன்று நாள் அதுதான். மீதி நாளுக்கு மாப்பிள்ளை காலையில் வாங்கும் கட்டு, ஒருநாள் அரைக்கீரை, ஒருநாள் மணத்தக்காளி, கிடைத்தால் அகத்தி. வடிக்காத சமையல், எலுமிச்சை, ஒரு மணி நேரம் தள்ளிக் காபி. மாத்திரை இரவில், தனியாக. கடைப் பொடி டப்பாவை என்ன செய்வது என்று மகள் கேட்டாள். இட்லிப்பொடியில் தீர்த்துவிடு என்றேன். 120 ரூபாயாயிற்றே.

மழைக்கு முன் வீட்டுப் பொடிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. 300 கிராம் வேண்டுமென்றால் ஆய்ந்த இலை ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். மேற்குப் பக்கக் கிளைகள் இரண்டை இதற்காக விட்டு வைத்திருக்கிறோம். உள்ளறை மின்விசிறியைத் துடைத்துத் தரும் வேலை மட்டும் எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மொட்டைமாடிச் சாவியை மனைவி எடுத்து வைத்துவிட்டாள்.